வண்டிக்குச் செல்லும் செலவு



இந்த மாதப் பாடம் வண்டியைப் பற்றியது. வேகத்துக்கென்றே செய்யப்பட்ட ஸ்போர்ட்ஸ் காரைக் கொடுத்துவிட்டு, பெட்ரோல் குறைவாகக் குடிக்கிற, வீட்டாருக்கு உதவுகிற ஒரு வண்டிக்கு மாறுவது எப்பொழுது பிரயோஜனம், எப்பொழுது வீண் என்பதை நிதானமாய்ப் பார்ப்போம். "ஐயா, நம்ம தெருவிலே ஸ்போர்ட்ஸ் கார் யாரிடம் இருக்கு?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதேயுங்கள். வெளிதேசங்களில் வேலைசெய்கிற நம் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு முதல் நல்ல சம்பளம் வந்தவுடனே வருகிற ஆசை அதுதான். ஊரிலே அதே ஆசை பைக்காக வாசலில் நிற்கிறது. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும், "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது தம்பி?" என்று கேட்டால் மட்டும் தம்பிக்குக் காது கேட்காது. காரோ பைக்கோ, கணக்கு ஒன்றே.

கோபுரம் கட்டப்போகிற மனிதன் அஸ்திபாரம் போடுவதற்கு முன்னே உட்கார்ந்து செலவைப் பார்க்கவேண்டும் என்று லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். வண்டி விஷயத்தில் நாம் உட்காருகிறோம், மெய்தான். ஆனால் எங்கே உட்காருகிறோம்? ஷோரூம் நாற்காலியில். அங்கே சொல்லப்படுகிறது ஒரே ஒரு விலை. வண்டிக்கோ இரண்டு விலை உண்டு: வாங்குகிற விலை ஒன்று, ஓட்டுகிற விலை ஒன்று. சாலொமோன் ராஜாவின் நாட்களிலேயே இது இருந்தது. எகிப்திலிருந்து வந்த இரதம் ஒன்று 600 வெள்ளிக்காசு, குதிரை ஒன்று 150 என்று 1 இராஜாக்கள் 10:29-இல் விலைப்பட்டியலே இருக்கிறது. அதே புத்தகம் 4:28-ஐயும் எடுத்துப் படியுங்கள். அந்தக் குதிரைகள் நின்ற இடத்துக்கெல்லாம் வாற்கோதுமையும் வைக்கோலும் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டியிருந்தது. இரதத்துக்குப் பணம் கொடுத்தது ஒருமுறை. வாற்கோதுமை தினமும் போனது. இன்றைக்கு நம் வீடுகளில் அழுத்துகிறதும் இந்த வாற்கோதுமைதான்.

மஸ்டாங் காரின் கதை

இதற்கு ஒரு பெரிய தேசமே உதாரணமாக இருக்கிறது. 1964 ஏப்ரல் 17-ஆம் தேதி அமெரிக்காவின் ஃபோர்டு கம்பெனி நியூயார்க் உலகக் கண்காட்சியிலே மஸ்டாங் என்ற காரை வெளியிட்டது. ஆரம்ப விலை 2,368 டாலர். சாதாரணச் சம்பளக்காரனும் வாங்கக்கூடிய விலை. தோற்றமோ சீமான் வீட்டுப் பிள்ளையின் தோற்றம். இரண்டு வருஷத்துக்குள்ளாகவே பத்து லட்சமாவது மஸ்டாங் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. அப்புறம் என்ன நடந்தது? வருஷத்துக்கு வருஷம் நீளம் கூடியது, எடை கூடியது, என்ஜின் பெருத்தது. 1971-ஆம் வருஷ மாடலில் 7 லிட்டர் என்ஜின் வரைக்கும் கேட்டு வாங்கலாம். நம்ம ஊர் மாருதி 800-இன் என்ஜின் 0.8 லிட்டர்தான். ஏறக்குறைய ஒன்பது மாருதி என்ஜின்களை ஒரே காருக்குள் அடக்கியதுபோல வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் தண்ணீர் விலைக்குக் கிடைத்த காலம் அது. ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

1973 அக்டோபரில் இஸ்ரவேலுக்கும் எகிப்து, சீரியா தேசங்களுக்கும் யுத்தம் மூண்டது. இஸ்ரவேலுக்கு ஒத்தாசை செய்ததற்காக அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை அரபு தேசங்கள் நிறுத்தின. பேரல் ஒன்று சுமார் 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய் 1974 துவக்கத்தில் 12 டாலரைத் தொட்டது. பங்குகளில் மைல் கணக்காக வரிசை. ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் விற்கவேண்டாம் என்று ஜனாதிபதி நிக்சன் கேட்டுக்கொண்டார். சில மாகாணங்களில், நம்பர் பிளேட்டின் கடைசி எண் ஒற்றைப்படையானால் ஒற்றைப்படைத் தேதியில், இரட்டைப்படையானால் இரட்டைப்படைத் தேதியில் மாத்திரமே பெட்ரோல். நம் தேசத்தையும் அந்த அலை தொட்டது. 1973 நவம்பரில் பெட்ரோல் விலை உயர்வைக் கண்டித்து வாஜ்பாய் அவர்கள் மாட்டுவண்டியிலே பாராளுமன்றத்துக்குப் போனது அநேகருக்கு நினைவிருக்கும்.

இப்பொழுது மஸ்டாங்கைக் கவனியுங்கள். லீ அயகோக்கா என்ற ஃபோர்டு அதிகாரி, இந்தக் கார் மிதமிஞ்சிப் பெருத்துவிட்டது என்று கண்டு, அதைச் சிறியதாக்கும் வேலையை முன்னமே ஆரம்பித்திருந்தார். 1973 செப்டம்பரில், அதாவது எண்ணெய் நிற்பதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, மஸ்டாங் 2 வந்தது. 1964-இல் வந்த முதல் மஸ்டாங்கைவிட நீளத்தில் குறைவு. எட்டு சிலிண்டர் என்ஜினே கிடையாது. நாலு சிலிண்டர், 2.3 லிட்டர், கூடக் கொடுத்தால் ஆறு சிலிண்டர். வேகப் பிரியர்கள் கேலி பண்ணினார்கள், இன்றுவரைக்கும் கேலி பண்ணுகிறார்கள். ஜனங்களோ அள்ளிக்கொண்டு போனார்கள். 1973 மாடல் சுமார் 1,35,000 விற்றிருக்க, 1974 மாடல் 3,85,000-க்கும் மேல் விற்றது. ஸ்போர்ட்ஸ் காரைச் சிக்கனக் காருக்கு மாற்றினது வாங்கினவர்கள் மட்டுமா? செய்த கம்பெனியே மாற்றிக்கொண்டது!

கதை இங்கேயே முடிந்திருந்தால் அழகாயிருக்கும். முடியவில்லை. 1974 மார்ச்சில் தடை நீங்கியது, வரிசை கலைந்தது. 1975-இலேயே எட்டு சிலிண்டர் என்ஜின் மஸ்டாங்குக்குள் மறுபடியும் ஏறி உட்கார்ந்துவிட்டது. 1979-இல் ஈரான் கலகத்தினால் மறுபடியும் வரிசை, மறுபடியும் சின்னக் கார். 1986-இல் எண்ணெய் விலை சரிந்தது, மறுபடியும் பெரிய என்ஜின். 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பேரல் 147 டாலர் வரைக்கும் போனபோது மறுபடியும் ஒரு பதற்றம். ஏன் இப்படி? பயம் வந்தபோது மாறினார்கள், பயம் போனபோது திரும்பினார்கள். பென்சிலும் காகிதமும் எடுத்து உட்கார்ந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

வேகமான வண்டி ஏன் அதிகம் குடிக்கிறது?

வேகமாய்ப் போகிறபடியால் என்று நினைக்கிறோம். அது பாதி உண்மை. பெரிய என்ஜின் மெதுவாகப் போகிறபோதும் வீணாக்குகிறது. முன்னூறு, நானூறு குதிரைசக்திக்குச் செய்யப்பட்ட என்ஜினை ஊருக்குள் ஓட்டும்போது அதிலே இருபது, முப்பதுதான் வேலை செய்கிறது. மற்ற நேரமெல்லாம் காற்று உள்ளே வராதபடி வாசலை முக்கால்வாசி சாத்திவைத்து, அந்தச் சாத்தின வாசல் வழியாகவே மூச்சை இழுக்கப் போராடுகிறது என்ஜின். அந்தப் போராட்டத்துக்கும் பெட்ரோல்தான் போகிறது. சிக்னலில் நின்றால் அத்தனை சிலிண்டருக்கும் தீனி போடவேண்டும். அகல டயர் ரோட்டோடே அதிகம் உராயும். அழுத்தம் கூடிய என்ஜினாகையால் பிரீமியம் பெட்ரோல் கேட்கும். (அப்படிக் கேட்காத சாதாரண வண்டிக்குப் பிரீமியம் போட்டால் மைலேஜ் கூடும் என்று பங்கிலே சொல்லுவாங்க. வண்டியோடு வந்த புத்தகத்தில் எழுதியிராவிட்டால் அந்தக் காசு வீண்.)

பைக்கிலும் இதைப் பார்த்திருக்கிறோம். 1985-ஆம் வருஷம் ஒன்றிலேயே நம் தேசத்துக்கு இரண்டு வண்டிகள் வந்தன. ஒன்று யமஹா ஆர்.எக்ஸ். 100, இன்னொன்று ஹீரோ ஹோண்டா சி.டி. 100. என்ஜின் அளவு இரண்டுக்கும் ஏறக்குறைய 100 சி.சி.தான். ஆனால் ஆர்.எக்ஸ். டூ ஸ்ட்ரோக். புதிதாக உள்ளே வந்த பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலே புகையோடு சைலன்சர் வழியாய் வெளியே போய்விடும். ஆயிலும் கூடவே எரியும். சி.டி. 100 ஃபோர் ஸ்ட்ரோக். உள்ளே வந்ததை எரித்துவிட்டுத்தான் வெளியே விடும். வாலிபர் ஆர்.எக்ஸைத் துரத்தினார்கள், வாத்தியார்களும் பால்காரர்களும் ஹீரோ ஹோண்டா வாங்கினார்கள். இருபது வருஷம் கழித்து எந்த வண்டி இன்னும் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது என்று உங்களுக்கே தெரியும். சரி, ஆர்.எக்ஸ். இன்றைக்குப் பழைய மார்க்கெட்டிலே ஆசைப்பட்டு விலை கொடுக்கிறவர்களுக்கு விற்கிறது, அதையும் சொல்லிவிடவேண்டும்.

லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?

பாடத்தின் மையம் இதுதான், கொஞ்சம் ஜாக்கிரதையாகப் படியுங்கள். மைலேஜ் என்ற எண்ணே நம்மை ஏமாற்றுகிறது. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரிக், சோல் என்ற இருவர் 2008-இல் சயன்ஸ் பத்திரிகையில் இதை எழுதிக் காட்டினார்கள். மூன்று கார்களை எடுத்துக்கொண்டு நாமே பார்ப்போம். அமெரிக்க அரசாங்கத்தின் அளவுப்படி 2015 மஸ்டாங் ஜி.டி. லிட்டருக்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர் கொடுக்கும். 2016 மாஸ்டா எம்.எக்ஸ். 5 என்பதும் ஸ்போர்ட்ஸ் கார்தான், இரண்டே சீட். ஆனால் எடை குறைவு, சிறிய என்ஜின். அது ஏறக்குறைய 13 கொடுக்கும். டொயோட்டாவின் 2015 பிரியஸ் என்ற ஹைபிரிட் கார் 21 கொடுக்கும்.

8-இலிருந்து 13-க்குப் போனால் 5 கூடுகிறது. 13-இலிருந்து 21-க்குப் போனால் 8 கூடுகிறது. எது பெரிய லாபம்? "இரண்டாவதுதான்" என்று மனசு உடனே சொல்லும். வருஷத்துக்கு 15,000 கிலோமீட்டர் ஓடுகிற ஒருவருக்குக் கணக்குப் போடுங்கள். 8 கொடுக்கிற கார் 1,875 லிட்டர் குடிக்கும். 13 கொடுக்கிறது 1,154 லிட்டர். 21 கொடுக்கிறது 714 லிட்டர். முதல் மாற்றத்தில் மிச்சம் 721 லிட்டர். இரண்டாவது மாற்றத்தில் 440 லிட்டர்தான். பார்த்தீர்களா? 5 கூடினது 8 கூடினதைத் தோற்கடித்துவிட்டது.

ஆகையால், மிக அதிகமாய்க் குடிக்கிற வண்டியை விட்டு வெளியே வருவதுதான் பெரிய காரியம். அங்கிருந்து எந்தச் சுமாரான வண்டிக்கு வந்தாலும் பெரும்பங்கு லாபம் கைக்கு வந்துவிடும். "மாறினால் ஹைபிரிட்டுக்குத்தான் மாறுவேன், அதுவரைக்கும் இதுவே இருக்கட்டும்" என்று நாலு வருஷம் காத்திருக்கிறவர், நாலு வருஷ வாற்கோதுமையை அநியாயமாய்க் கொட்டுகிறார். அமெரிக்க அரசாங்கமே 2009 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பழைய வண்டியைக் கொடுத்துப் புதுசு வாங்குகிறவர்களுக்கு 3,500 அல்லது 4,500 டாலர் கொடுத்தது. சுமார் 6,77,000 வண்டிகள் வந்தன. கொடுத்த வண்டிகளின் சராசரி லிட்டருக்கு 6.7 கிலோமீட்டர், வாங்கினவற்றின் சராசரி 10.6. நம் ஊர்க் கண்ணுக்கு 10.6 என்பது வெட்கப்படவேண்டிய மைலேஜ். ஆனாலும் 15,000 கிலோமீட்டருக்கு 820 லிட்டருக்கு மேல் மிச்சம்! (அந்தப் பழைய என்ஜின்களை மறுபடி யாரும் ஓட்டாதபடி, ஆயிலை வடித்துவிட்டு சோடியம் சிலிக்கேட் கரைசலை ஊற்றி, ஓடவிட்டே இறுகப்பண்ணினார்கள். ஒரு நல்ல மெக்கானிக் பார்த்தால் கண்ணீர் விடுவார்.)

உங்கள் வண்டியின் உண்மை மைலேஜ் தெரியுமா? விளம்பரத்தில் இருப்பது சோதனைக்கூடத்து எண், அதை நம்பிக் கணக்குப் போடாதேயுங்கள். டாங்கை வாய்வரை நிரப்பி மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரணமாய் ஓட்டுகிறபடியே முந்நூறு, நானூறு கிலோமீட்டர் ஓட்டுங்கள். அதே பங்கிலே மறுபடியும் வாய்வரை நிரப்புங்கள். ஓடின தூரத்தை இப்பொழுது பிடித்த லிட்டரால் வகுத்தால் வருவதுதான் மெய்யான எண். இரண்டு மூன்று தரம் செய்து சராசரி எடுப்பது நல்லது. சகோதரிகளே, வீட்டுக்காரர் சொல்லுகிற எண்ணுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று பார்த்துச் சிரிக்கலாம்.

லாபம் நஷ்டமாகிற இடம்

ஒரு சகோதரனை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு வேகமான பழைய காரை ஆசையாக வாங்கினார். அது 8 கொடுக்கிறது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார். லிட்டர் 100 ரூபாய் என்று ரவுண்டாக வைத்துக்கொண்டால் மாதம் 125 லிட்டர், 12,500 ரூபாய். பிள்ளையின் பள்ளிக்கூட ஃபீஸ் தவணை தாமதமாகிறது. "சரி, விற்றுவிட்டுச் சின்னக் கார் வாங்குகிறேன்" என்று தீர்மானிக்கிறார். நல்ல தீர்மானம். சின்னக் கார் உண்மையிலேயே 18 கொடுத்தால் மாதம் சுமார் 5,550 ரூபாய்தான் ஆகும். ஏறக்குறைய 6,950 ரூபாய் மிச்சம்.

ஷோரூமுக்குப் போகிறார். பழைய காருக்கு அவர்கள் ஒரு விலை சொல்லுகிறார்கள், கொடுத்துவிடுகிறார். அந்தப் பணம் முன்பணத்துக்குப் போகிறது. மீதி 6 லட்சம் கடன். ஒன்பதரை சதவிகித வட்டி, ஐந்து வருஷம். மாதத் தவணை ஏறக்குறைய 12,600 ரூபாய். பெட்ரோலிலே 6,950 மிச்சம் பிடித்தவர் தவணையிலே 12,600 கட்டுகிறார். மாதம் 5,650 ரூபாய் கூடுதலாய்க் கையைவிட்டுப் போகிறது. வட்டி மாத்திரம் ஐந்து வருஷத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். ஃபீஸ் இன்னும் தாமதமாகும். வாசலில் நிற்கிற வண்டியோ "நான் சிக்கன வண்டி" என்று புன்சிரிப்போடே நிற்கும்.

இதே சகோதரன் ஸ்போர்ட்ஸ் காரை விற்று வந்த பணத்துக்குள்ளேயே ஐந்தாறு வருஷம் ஓடின, நல்ல கண்டிஷனில் இருக்கிற ஒரு சின்னக் காரை எடுத்திருந்தால்? அந்த 6,950-இல் ஒவ்வொரு ரூபாயும் வீட்டுக்கு. புதுக் கார் ஷோரூமை விட்டு இறங்கின முதல் சில வருஷங்களில்தான் விலையில் அதிகம் இழக்கிறது; அந்த இழப்பை வேறொருவர் ஏற்கெனவே சுமந்துவிட்டார். நூறு ரூபாய் கொடுத்து மெக்கானிக்கைக் கூட்டிப்போவதற்குக் கூச்சப்படாதேயுங்கள். எக்ஸ்சேஞ்சில் சொல்லுகிற முதல் விலையை வாங்கிக்கொள்ளாமல் வெளியிலும் இரண்டு இடத்தில் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். உங்கள் வேகமான வண்டி மாதம் 200 கிலோமீட்டர்தான் ஓடுகிறது, கடனும் இல்லை என்றால், மாற்றினால் பெட்ரோலில் மிச்சம் மாதம் 1,400 ரூபாய்தான். அதற்காக மாற்றுவதில் அர்த்தமில்லை. டயர், இன்சூரன்ஸ், சர்வீஸ் இவைகள் கழுத்தை நெரித்தால் அது வேறு கணக்கு. அந்த பில்களை ஒரு வருஷத்துக்குச் சேர்த்துவைத்துக் கூட்டிப் பாருங்கள். ஸ்போர்ட்ஸ் கார் டயர் நாலு மாற்றின ரசீதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மின்சாரக் கார், மின்சார ஸ்கூட்டர் வாங்க யோசிக்கிறவர்களும் இதே காகிதத்தில் லிட்டருக்குப் பதில் யூனிட் போட்டுக்கொள்ளலாம். கடன் வரியை மட்டும் மறைக்காதேயுங்கள்.

வண்டியை விட மனம் வராதபோது

அந்த வண்டி அவனுக்கு வெறும் இரும்பல்ல. இதை வீட்டார் புரிந்துகொள்ளவேண்டும். சின்ன வயதில் சைக்கிளும் கிடைக்காமல் நடந்தவன் அவன்; முதன்முதல் தன் கைக்காசில் வாங்கின பொருள் அது. ஞாயிறு காலையில் அதைத் துடைக்கிறபோது அவன் முகத்தைப் பாருங்கள். "வித்துத் தொலைங்க" என்று சாப்பாட்டு நேரத்தில் சொல்லுவதால் ஒன்றும் நடக்காது, பிடிவாதம்தான் கூடும். மேலே சொன்ன கணக்கை இருவரும் சேர்ந்து போடுங்கள். எண்கள் பேசட்டும், நீங்கள் சும்மாயிருங்கள்.

ஆனால் வீட்டிலே வயதான தாயார் இருக்கிறார்களா? இரண்டு கதவுக் காரின் பின் சீட்டுக்கு அவர்களால் ஏற முடியுமா என்று ஒருமுறை பாருங்கள். முன் சீட்டை மடக்கி, தலையைக் குனிந்து, முழங்காலை மடித்து, தரையோடு தரையாய் இருக்கிற சீட்டில் விழவேண்டும். இறங்கும்போது இரண்டு பேர் கைகொடுக்கவேண்டும். நடுராத்திரியில் நெஞ்சுவலி என்றால் அந்தக் கதவு எத்தனை நிமிஷத்தைத் தின்னும்? ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டுகிற வண்டியில், மழைக்காலத்தில், குண்டும் குழியுமான ரோட்டில், மூன்று பிள்ளைகளோடு? இதையெல்லாம் எந்த மைலேஜ் எண்ணும் சொல்லாது. சில வீடுகளில் மாற்றுவதற்கான முதல் காரணம் பெட்ரோலே அல்ல, இந்தக் கதவுதான்.

வேகம் பிடிக்கும் என்பதும் ஒரு பாவமான ஆசை என்று நான் எழுதப்போவதில்லை. அதற்கு இடம் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக் இருக்கிறது, கோயம்புத்தூரில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அந்தக் கோவை டிராக்குக்குப் பெயர் தந்த கரிவர்தன் என்ன செய்தார் தெரியுமா? சிக்கனத்துக்குப் பெயர்போன மாருதி 800-இன் என்ஜினை எடுத்து, எடை குறைந்த ஒற்றை சீட் ரேஸ் கார்களைக் கட்டினார். நம் வாலிபர் எத்தனையோ பேர் ஓட்டக் கற்றது அவைகளில்தான். வேகத்துக்குப் பெரிய என்ஜின் அவசியம் என்கிறவர்களுக்கு அவர் செய்த கார்கள் நல்ல பதில்.

தெருவில் ஓட்டுகிற காரியத்தில் யெகூவை நினைத்துக்கொள்ளுங்கள். காவற்காரன் வெகுதூரத்தில் வருகிற இரதத்தைப் பார்த்து, முகம் தெரிவதற்கு முன்னே, ஓட்டுகிற விதத்தினாலேயே அவனை அடையாளம் கண்டுகொண்டான் (2 இராஜாக்கள் 9:20). நம் ஊரிலும் சிலர் வருகிறது டயர் சத்தத்திலேயே தெரியும். வண்டி மாறியும் கால் மாறாவிட்டால் புது மைலேஜ் வராது. 90 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் 110-க்கு ஏறினால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. இதை அறிந்துதான் 1974 ஜனவரியில் அமெரிக்கா தேசம் முழுவதற்கும் மணிக்கு 55 மைல், அதாவது 88 கிலோமீட்டர், என்று வேகத்துக்கு வரம்பு வைத்தது. முன்னே சிக்னல் சிவப்பு என்று தெரிந்த பின்னும் ஆக்ஸிலேட்டரை மிதித்து, அப்புறம் பிரேக்கை மிதிக்கிறவர், காசு கொடுத்து வாங்கின வேகத்தைச் சக்கரத்திலே சூடாக்கி ஊதிவிடுகிறார். ஹைபிரிட் கார் அந்த வேகத்தில் ஒரு பங்கைச் சூடாக வீணாகவிடாமல் மின்சாரமாகத் திரும்பப் பிடிக்கிறது, அதன் சாமர்த்தியத்தில் இதுவும் ஒன்று. வண்டி மாற்ற வசதியில்லாதவர்கள் வலது காலிலிருந்து ஆரம்பிக்கலாம். அதற்குக் கடன் வேண்டாம்.

விற்கிற அன்றைக்கு

நம் ஜனங்கள் ஏமாறுகிற இடம் இது. பணம் கைக்கு வந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறுகிறவரைக்கும் சட்டத்தின் கண்ணில் அந்த வண்டி உங்களுடையதே. வாங்கினவர் யாரையாவது மோதினால் நஷ்டஈட்டு வழக்கு உங்கள் வீட்டு வாசலுக்கு வரும். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பாளி என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது. வேகமான வண்டியை வேகப் பிரியரிடம்தான் விற்கிறோம் என்பதை மறவாதேயுங்கள்.

ஆகையால் படிவம் 29, படிவம் 30 இரண்டையும் பூர்த்திசெய்து, ஒரே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரியப்படுத்துங்கள். கடன் முடிந்த வண்டியானால் பாங்கிலிருந்து தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி, ஆர்.சி.யில் இருக்கிற பாங்கின் பெயரை முதலில் நீக்குங்கள். வாங்குகிறவரின் ஆதார் நகல், தேதியோடும் நேரத்தோடும் கையெழுத்திட்ட ரசீது, இவைகளை பத்திரமாய் வையுங்கள். ஃபாஸ்டேக் ஸ்டிக்கரை எடுத்துவிட்டு, கொடுத்த பாங்கில் சொல்லி அதை மூடுங்கள். இல்லாவிட்டால் அவர் போகிற டோல்கேட்டுக்கெல்லாம் நீங்கள் காணிக்கை செலுத்துவீர்கள்.

இன்சூரன்ஸில் அநேகருக்குத் தெரியாத ஒன்று உண்டு. வருஷக்கணக்காய் கிளைம் பண்ணாமல் ஓட்டினவர்களுக்கு வருகிற நோ கிளைம் போனஸ் வண்டிக்குச் சொந்தமானதல்ல, உங்களுக்குச் சொந்தம். அது சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவிகிதத்தில் ஆரம்பித்து 50 சதவிகிதம் வரைக்கும் போகும். விற்கிறபோது இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கேட்டு அதற்குக் கடிதம் வாங்கிக்கொண்டால், மூன்று வருஷத்துக்குள் எடுக்கிற அடுத்த வண்டிக்கு அதைப் பயன்படுத்தலாம். கேட்காதவர்களுக்கு யாரும் தானாகக் கொண்டுவந்து கொடுப்பதில்லை. பழைய பாலிசியையும் அந்தக் கடிதத்தையும் ஒரே கவரில் போட்டு, புது வண்டியின் இன்சூரன்ஸ் எடுக்கப் போகிற அன்றைக்குக் கையோடே கொண்டுபோங்கள்.